கெண்டை வளர்க்கும் குட்டையில் சண்டை மீன்கள் சேருமா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பருத்தி, மக்காச்சோளம் பயிரிடும் மானாவாரி விவசாயிகள் பலர் பண்ணைக் குட்டை வெட்டியுள்ளனர். பயிருக்கு உயிர்நீர் பாய்ச்சுவதுடன், அந்த நீரில் மீனும் வளர்க்கலாம். ஆனால் குஞ்சு விட்ட பின் அறுவடையில் கெண்டைகள் குறைந்து, நாலைந்து விரால்களும் கூடை நிறையப் பொடி மீன்களும் மட்டுமே வலையில் வருவதுண்டு. குஞ்சுக்குக் கொடுத்த பணம் விராலின் வயிற்றுக்குள் போய்விட்டது என்பதே இதன் பொருள்.

எவை ஆகா?

விரால், குறவை, வாளை, கெளுத்தி ஆகியவை பிற மீன்களைத் தின்பவை. தன் வாயில் நுழையும் எந்தக் குஞ்சையும் இவை விடுவதில்லை. விராலும் குறவையும் காற்றையும் சுவாசிப்பதால், நீர் வற்றினாலும் ஈரச் சேற்றில் பதுங்கி உயிர் பிழைக்கும். மழைக் காலத்தில் ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்கும் செல்லும். ஆகவே "நாங்கள் விடவில்லையே, எப்படி வந்தது?" என்று வியப்பதற்கில்லை.

ஜிலேபிக் கெண்டை 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டு மூன்று மாதங்களிலேயே பருவமடைந்து அடிக்கடி இனப்பெருக்கம் செய்யும். ஆண் மீன் அடித்தரையில் குழி பறித்து, அருகில் வரும் மீன்களை விரட்டும். குஞ்சுகள் பெருகி, தீனியும் பிராணவாயுவும் பங்கிடப்பட்டு, எல்லா மீன்களுமே வளர்ச்சி குன்றும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் தடை செய்துள்ளது; அதை எவ்விதத்திலும் விடலாகாது.

எவை ஒத்து வாழும்?

கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடும். ஒன்றின் உணவை மற்றொன்று பறிப்பதில்லை. கூட்டு மீன் வளர்ப்பின் அடிப்படையே இதுதான். வெள்ளிக் கெண்டை கட்லாவின் உணவுக்குப் போட்டியிடும். சிறு குட்டைக்கு அது தேவையில்லை.

குட்டையைத் தயார் செய்தல்

கோடையில் தரை வெடிக்கும் வரை காய விடுவது சிறந்தது. முழுதும் வற்றாத குட்டைக்கு இலுப்பைப் புண்ணாக்கு நல்ல மருந்து. ஒரு கன மீட்டர் நீருக்கு 250 கிராம் வீதம் தேவை. நீளமும் அகலமும் 30 மீட்டர் உள்ள குட்டையில் நீரை அரை மீட்டருக்குக் குறைத்தால் 450 கன மீட்டர் நீர் இருக்கும். அதற்கு ஏறத்தாழ 112 கிலோ போதும். ஒரு மீட்டர் நீர் நின்றால் இரு மடங்கு வேண்டும். எனவே நீரைக் குறைத்த பின் இடுவதே சிக்கனம். புண்ணாக்கை இரவு முழுவதும் ஊறவைத்துக் கரைத்துப் பரவலாகத் தெளித்து, மேலே வரும் மீன்களை வலையிட்டு எடுக்கவும். அவற்றை உண்ணலாம். நச்சு நீங்க மூன்று வாரம் ஆகும். பின்னர் அதுவே எருவாகும். பூச்சிமருந்தை ஊற்றி மீனைக் கொல்லுவது பெருந்தவறு.

பொது ஏரியில் இம்முறையைக் கையாளக் கூடாது. அங்குள்ள பொடி மீன்கள் ஏழைக் குடும்பங்களின் குழம்புக்கும், பறவைகளின் இரைக்கும் உரியவை. 2024-ல் ராம்சார் தகுதி பெற்ற கரைவெட்டி போன்ற ஏரிகளுக்கு அவை மிகவும் தேவை.

குஞ்சு விடுதல்

நீர்வரத்து வாயிலில் நெருக்கமான வலை கட்டவும். மூன்று வாரம் கழித்து, சில குஞ்சுகளை வலைப்பையில் ஒரு நாள் நீரில் வைத்துப் பார்க்கவும். அவை உயிருடன் இருந்தால் மற்றவற்றை விடலாம். மேற்கண்ட அளவுள்ள குட்டைக்கு 10 சென்டிமீட்டருக்குக் குறையாத கட்லா 180, ரோகு 135, மிர்கால் 135, ஆக 450 குஞ்சுகள் போதும். சில மாதங்களே நீர் நிற்கும் குட்டையில் சிறு குஞ்சு விட்டால் விற்கும் அளவுக்கு வளராது. காலையிலோ மாலையிலோ வெயில் தணிந்த வேளையில் விடவும்.

விராலுக்கு நல்ல விலை உண்டே என்று கேட்கலாம். அதைத் தனிக் குட்டையில், ஒரே அளவான குஞ்சுகளாகப் பிரித்து வளர்க்க வேண்டும். அளவு வேறுபட்டால் விராலே விராலைத் தின்னும். ஜிலேபிக் குஞ்சுகள் பெருகிவிட்ட குட்டையில், கெண்டைகள் நன்கு வளர்ந்த பின் அவற்றைவிடச் சிறிய விரால்களைச் சில மட்டும் விட்டால், அவை ஜிலேபிக் குஞ்சுகளைக் கட்டுப்படுத்தும். முதலிலேயே விடுவதுதான் ஆபத்து.

குஞ்சு வாங்கும் நாளில் விலையை மட்டும் பார்க்காமல், வேற்று மீன் கலந்துள்ளதா என்று தட்டில் ஊற்றிப் பார்த்து வாங்குவது நலம்.