வாரம் ஒரு பக்கம்!



"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள். ஆனால் ஏட்டில் எழுதாததால் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

நான் பட்ட பாடு

அறிவியல் கண்காட்சிக்காக நம்ம கம்ப்யூட்டர் லேபில் ஸ்க்ராட்ச் மூலம் ஒரு புரோகிராம் செய்தேன். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை இருக்கிறது அல்லவா? எண்ணைத் தொட்டால் கூண்டு மேலே ஏறி, அதன் பொருளைச் சொல்லும். நன்றாகத்தான் ஓடியது. கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது 3-ஐத் தொட்டால் 10-க்கு உரிய "பெரும் அபாயம்" என்று வந்தது! பலத்த காற்று வீசும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஊரையே ஓட வைக்கிற செய்தி!

எங்கே தப்பு என்று தேடித் தேடி நாலு நாள் போச்சு. கடைசியில் பார்த்தால், இரண்டு வாரத்துக்கு முன்னாடி நானேதான் பட்டியலில் வரிசையை மாற்றியிருக்கிறேன். ஏன் மாற்றினேன்? சுத்தமா ஞாபகம் இல்லை.

அப்பாவின் லாக் புக்

அழுதுகொண்டே அப்பாவிடம் சொன்னேன். அவர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். "நாங்க ஷிப்ட் முடிஞ்சதும் லாக் புக் எழுதாம வெளியே வர மாட்டோம்மா. எந்த வால்வை மூடினோம், ஏன் மூடினோம்னு எழுதலைன்னா, அடுத்து வர்றவர் தெரியாம திறந்துடுவார். உயிருக்கே ஆபத்து. நீ அடுத்த ஷிப்ட்டுக்கு எழுதி வைக்கலை, அதான்" என்றார். எனக்கு அடுத்த ஷிப்ட் யாரு? அடுத்த வாரம் வரப்போகிற நானேதான்!

நம்ம ஊரே எழுதிய நோட்டு

கடலூர் – சிதம்பரம் சாலையில் உள்ள நம்ம சிப்காட் பக்கம் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டில் ஈச்சங்காடு போன்ற ஊர்களின் மக்கள் சிலர் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்தார்கள். "எப்பவும் நாத்தம் அடிக்குது" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. அதனால் தேதி, நேரம், இடம், எந்த மாதிரி நாற்றம், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று குறித்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையை வைத்து, அதில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கும் அனுப்பினார்கள். 20-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் தெரிய வந்தன. பெரிய படிப்பு இல்லாதவர்களின் பேச்சும் எழுத்தில் வந்ததும் சாட்சியாகிவிட்டது, பார்த்தீர்களா!

பூச்சி ஒட்டிய பக்கம்

கம்ப்யூட்டர் உலகிலும் இப்படி ஒரு நோட்டு உண்டு. அமெரிக்காவில் 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 என்ற கணினி தகராறு செய்தது. உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது! அதை எடுத்து அப்படியே லாக் புக்கில் டேப் போட்டு ஒட்டி, நேரத்தையும் எழுதினார்கள். அந்தப் பக்கம் இன்றும் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புரோகிராம் தவறை 'பக்' (பூச்சி) என்று சொல்வது உங்களுக்குத் தெரியுமே!

2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் 'கிட்' என்ற மென்பொருளை உருவாக்கினார். எந்த வரி எப்போது மாறியது என்று அதுவே காட்டிவிடும். ஆனால் ஏன் மாற்றினோம் என்று அதற்குத் தெரியாது. அதை மனுஷங்கதான் எழுத வேண்டும்.

எப்படி எழுதுவது?

இப்போது நான் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் முடிந்ததும் பத்து நிமிடம் எழுதுகிறேன். ஐந்தே கேள்விகள்:

1. இந்த வாரம் என்ன செய்தேன்?
2. எதை மாற்றினேன்? ஏன்?
3. எது ஓடவில்லை? என்ன முயன்றேன்?
4. யாரிடம் என்ன கற்றேன்?
5. அடுத்த வாரம் முதல் வேலை என்ன?

என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

"வெள்ளி. கூண்டு ஏறும் வேகத்தைக் குறைத்தேன். காரணம்: ஆறாம் வகுப்புத் தம்பிகள் படிக்கும் முன்பே மறைந்துவிடுகிறது. 7-க்குச் சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் வயரை மாற்றியும் பயனில்லை. திங்கள் முதல் வேலை: சத்தத்தைப் பார்ப்பது."

திங்கட்கிழமை வந்ததும் "எங்கே விட்டோம்?" என்று முழிக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் எழுத மறந்தால் நோட்டை மூடிவிடாதீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி தொடங்குங்கள். தப்பையும் மறைக்காமல் எழுதுங்கள். சரியாக ஓடியதைவிட, ஓடாமல் போனதை எழுதிய பக்கங்களைத்தான் நான் அதிகம் திருப்பிப் பார்க்கிறேன்.

கண்காட்சி என்ன ஆச்சு என்கிறீர்களா? முந்தின நாள் சாயங்காலம்தான் சரியானது. நோட்டு இருந்திருந்தால் அந்த நாலு நாளும் மிச்சம்.

தோழர்களே, இந்த வெள்ளிக்கிழமை ஒரு பழைய நோட்டை எடுங்கள். கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றில்லை. தோட்டமோ, தையலோ, கணக்கோ எதுவாக இருந்தாலும் ஒரு பக்கம் எழுதுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி