கல்லைவிட இளகிய சாந்து

அன்புள்ள தங்கச்சிக்கு,

கிளாஸ்கோவில் கல்வேலைப் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருப்பதாக எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ச்சி. உளி பிடிக்க வரும் நம் பிள்ளைகள் குறைவு; வந்தவர்கள் நிலைத்து நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. "இந்தக் குளிருக்கு எந்தச் சாந்து அண்ணா ஆக உறுதியானது?" என்று கேட்டிருக்கிறாய். பயிற்சிக்கு வரும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. அதனால் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும் கடிதமாகவே எழுதுகிறேன்.

என் பதில் சுருக்கமானது: கல்லைவிட இளகிய சாந்துதான் நல்ல சாந்து. மழையும் பனியும் அடிக்கும் சுவரில் ஏதாவது ஒன்று தேய்ந்துதான் தீரும். அது சாந்தாக இருக்கட்டும். தேய்ந்த சாந்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைக்கலாம். தேய்ந்த கல்லை என்ன செய்வது? நான் கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறப்பதுதான்.

குளிர் தானாக ஒரு கல்லையும் உடைப்பதில்லை. கல்லுக்குள் தேங்கிய தண்ணீர்தான் உடைக்கிறது. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. மணற்கல்லின் நுண்துளைகள் பாதி காலியாக இருந்தால் பனிக்கட்டி பெருக்க இடம் உண்டு. கல்லுக்கு ஒன்றும் ஆகாது. துளைகள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிரம்பிவிட்டால் இடமில்லை, கல் பிளக்கிறது. காய்ந்த கல் கடுங்குளிரையும் தாங்கிக்கொள்ளும். ஊறிய கல் லேசான உறைபனிக்கே உதிரும். ஸ்காட்லாந்தின் குளிர் உலகத்திலேயே கொடிய குளிர் ஒன்றுமில்லை. எடின்பரோவில் ஜனவரி இரவுகளின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்கு ஓரிரு டிகிரி மேலேதான் நிற்கிறது. தொல்லையே அங்கேதான் இருக்கிறது. மார்கழியில் ஒருமுறை உறைந்து பங்குனிவரை உறைந்தே கிடக்கும் சுவருக்கு அடி ஒருமுறைதான். இங்கே இரவில் உறைந்து, பகலில் உருகி, மாலையில் மழை குடித்து, மறுநாள் மீண்டும் உறைகிறது சுவர். நீ இருக்கும் கிளாஸ்கோவில் ஆண்டுக்கு 1,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. காற்று அதைச் சுவர்மேல் கிடையாக அடிக்கிறது.

இதெல்லாம் தெரிந்துதான் பழைய ஆட்கள் கட்டினார்கள். நீ பழுதுபார்க்கும் டெனமென்ட் வீடுகளின், அதாவது பல குடும்பங்கள் வாழும் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களின், வெளிச்சுவர் ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் கனம். வெளிமுகத்தில் செதுக்கிய மணற்கல். நடுவே சுண்ணாம்புச் சாந்தில் பொதிந்த முண்டுக் கற்கள். உள்பக்கம் சிறிது இடைவெளி விட்டு மரச்சட்டமும் சுண்ணாம்புப் பூச்சும். மழை நீர் சிறிது உள்ளே வரும், மழை ஓய்ந்ததும் சாந்து வழியே வெளியே போகும், அறைக்குள் மட்டும் எட்டாது. நீரை முழுக்கத் தடுக்க அவர்கள் முயலவில்லை. வந்த நீர் திரும்பிப் போக வழி வைத்தார்கள். அந்த வழி, கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புச் சந்து.

பிறகு சிமெண்ட் வந்தது. 1824இல் லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டில் அது மலிந்து, பழைய வீடுகளின் சந்துகளையெல்லாம் சிமெண்டால் அடைப்பது வழக்கமாகிவிட்டது. வேகமாக இறுகும், மழையில் கரையாது, குளிர்காலத்திலும் வேலை ஓடும். அப்படி அடைத்த சுவர் ஒன்றை நீயே பக்கத்தில் போய்ப் பார். தரைத்தளத்தில், முழங்கால் உயரத்தில் தேடு. நடைபாதையில் கொட்டும் உப்பும் தெறிக்கும் சேறும் படுகிற இடம் அது. சிமெண்ட் கோடுகள் துளி தேயாமல் கூர்மையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடுவிலிருக்கும் கல் விரற்கடை அளவு உள்ளே போயிருக்கும். பெருவிரலால் தடவினால் மணல் மணலாகக் கொட்டும். உளிப்பிடியால் மெல்லத் தட்டினால் "டொக்" என்று உள்ளே வெற்றிடம் இருப்பதுபோன்ற சத்தம் வரும். மேல்தோல் கல்லை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். சந்து அடைபட்டதால் உள்ளே போன நீர் கல்லின் வழியாகவே வெளியேறியிருக்கிறது. போகும்போது உப்பைக் கல்லின் துளைகளில் விட்டுப் போயிருக்கிறது. உப்பு படிகமாக வளர்ந்து ஒரு பக்கம் நெருக்க, பனி மறுபக்கம் நெருக்கியிருக்கிறது. உறுதியான சாந்து வீட்டுக்குச் செய்த உதவி இதுதான்.

கடையில் வாங்கும் பைகளின்மேல் போட்டிருக்கும் எண்களைக் கவனி. நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு 2, 3.5, 5 என்று மூன்று தரங்களில் வருகிறது. சாதாரண சிமெண்ட் பையில் 42.5 என்று இருக்கும். இரண்டுமே 28 நாளில் எட்ட வேண்டிய குறைந்தபட்ச அழுத்த வலிமையை மெகாபாஸ்கலில் சொல்லும் எண்கள். பெரிய எண்ணைக் கண்டு மயங்காதே. நல்ல நிலையிலுள்ள மணற்கல் சுவருக்கு 3.5 பெரும்பாலும் போதும். நொய்ந்த கல்லுக்கு 2 போதும். புகைபோக்கி, சுவர்முடி போன்று காற்றும் மழையும் நேராக அறையும் இடங்களுக்குத்தான் 5-ஐ யோசிக்க வேண்டும். சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் இரண்டரைப் பங்கு என்று தொடங்கலாம். மணல் மாவு போல நைந்திருக்கக் கூடாது. பருமணலும் சிறுமணலும் கலந்து, கூர்முனைகளோடு, உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தால் நறநறவென்று கடிக்க வேண்டும்.

இனி முக்கியமான ஒன்று. கல்லில் பழுது என்று யார் கூப்பிட்டாலும், கல்லைத் தொடுமுன் கூரையைப் பார். கூரை விளிம்பில் மழைநீர் வடியும் பீலியில் இலை அடைத்திருக்கிறதா? இரும்பு மழைக்குழாயின் பின்புறம், சுவரோடு ஒட்டிய பக்கத்தில், துருவேறி வெடித்திருக்கிறதா? புகைபோக்கியைச் சுற்றிய ஈயத் தகடு கிழிந்திருக்கிறதா? சுவரில் பச்சைப் பாசி நெடுங்கோடாக இறங்கினால், அந்தக் கோட்டின் உச்சியில் காரணம் இருக்கும். மழை கொட்டும்போதே போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது. வெயில் நாளில் மறைந்திருக்கும் ஓட்டையை மழை தானே காட்டிக் கொடுக்கும். பல வீடுகளுக்குத் தேவைப்படுவது புதுக் கல் அல்ல, பீலியைத் துப்புரவாக்க ஓர் ஏணியும் அரை நாளும்தான். அதைச் சொல்வதால் உன் வருமானம் குறையும். சொல்லத்தான் வேண்டும்.

சந்து அடைக்கும் வேலையைச் சின்ன வேலையாக நினைக்காதே. பழைய சாந்தைச் சந்தின் அகலத்தைப்போல இரு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மில்லிமீட்டருக்கு, உளியால் எடு. சுழலும் அறுவை எந்திரத்தை மெல்லிய சந்தில் விட்டால் கல்லின் ஓரம் போய்விடும். ஓரம் போன கல்லுக்குச் சந்து என்றைக்கும் அகலம்தான். தூசியைக் கழுவி, சுவரை நனைத்து, நீர் மினுங்காமல் ஈரம் மட்டும் நிற்கும் பதத்தில் சாந்தை உள்ளே திணி. அகலமான சந்துகளில் சிறு கற்சில்லுகளையும் சேர்த்துச் செருகு. சாந்து குறையும், சுருக்கமும் குறையும். கல்லின் முகத்தில் சாந்தை ஈஷாதே. பெருவிரலால் அழுத்தினால் தடம் லேசாக மட்டும் விழும் அளவு இறுகியபின், முரட்டுத் தூரிகையால் குத்திக் குத்திச் சாந்தை உள்ளே அடக்கு. கரண்டியால் இழைத்து வழவழப்பாக்கினால் மேலே தோல் கட்டும், நீர் வெளியேற முடியாது. தூரிகை குத்திய முகம் சொரசொரப்பாக, திறந்திருக்கும். பிறகு கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு வாரமாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லக் கல்லாக மாறும் பொருள். ஈரமில்லாமல் அது நடக்காது.

5 டிகிரிக்குக் கீழே இந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடும். இறுகாத சாந்தில் உள்ள நீர் உறைந்தால், மறுநாள் அது ரொட்டித் தூளாக உதிரும். ஆகவே வெளிச்சுவரில் சுண்ணாம்பு வேலைக்குக் காலம் ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை. அதற்குப் பின் செய்தே தீர வேண்டுமென்றால் சாரம் முழுக்கக் கூடாரமிட்டு, உள்ளே சூடு வைத்து, வேலை முடிந்த பின்னும் பல வாரம் காக்க வேண்டும். அந்தச் செலவுக்கு வீட்டுக்காரர் தயாரில்லை என்றால், நவம்பரில் "ஏப்ரலில் வருகிறேன்" என்று சொல்லப் பழகு. குளிர்காலம் பட்டறைக்கு உரியது. கல் செதுக்கலாம், அளவு எடுக்கலாம், உளி தீட்டலாம்.

கல்லையே மாற்ற வேண்டி வந்தால், எந்தக் கல் என்பதை முதலில் கேள். கிளாஸ்கோவின் பழைய டெனமென்ட்கள் அக்கம்பக்கத்துச் சுரங்கங்களின் வெளிர்மஞ்சள் மணற்கல்லால் ஆனவை. ரயில் வந்தபின், 1890களிலிருந்து, டம்ஃப்ரீஸ் பக்கத்துச் செம்மணற்கல் வந்து குவிந்தது. 1901இல் திறந்த கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தின் சிவப்பும் அந்தப் பக்கத்து லோகார்பிரிக்ஸ் கல்தான். பெர்மியன் காலத்துப் பாலைவன மணல்மேடு இறுகி உண்டான கல். அந்தச் சுரங்கம் இன்றும் கல் தருகிறது. எடின்பரோ புதுநகரத்தின் பெயர்பெற்ற கிரெய்க்லீத் கல்லோ இனிக் கிடைக்காது. அந்தச் சுரங்கத்தை மூடி நிரப்பிவிட்டார்கள். இப்படிக் கிடைக்காத கல்லுக்கு மாற்றுத் தேடும்போது நிறம் ஒத்தால் போதும் என்று இருந்துவிடாதே. துளையின் அளவும் நீர் குடிக்கும் தன்மையும் ஒத்துப்போக வேண்டும். இறுக்கமான புதுக் கல்லை நடுவில் வைத்தால் நீர் அதைச் சுற்றிப் போய், பக்கத்துப் பழங்கற்களை அரிக்கும். பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் கட்டடக் கற்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் எந்தச் சுரங்கத்துக் கல் பொருந்தும் என்று சொல்லிவிடுவார்கள். இதற்கு ஆகும் செலவு வீணாகாது.

வைக்கும்போது கல்லின் படுக்கையைப் பார். மணற்கல் அடுக்கடுக்காகப் படிந்தது. சுரங்கத்தில் எப்படிக் கிடந்ததோ அப்படியே சுவரிலும் கிடக்க வேண்டும். அடுக்கு செங்குத்தாக, தெருவைப் பார்த்தபடி வைத்த கல், புத்தகத்தின் பக்கங்களைப்போல ஒவ்வொன்றாகக் கழன்று விழும். வெளியே நீளும் சுவர்முடிக் கற்களுக்கு மட்டும் விதி வேறு: அவற்றில் அடுக்கு செங்குத்தாகவும் சுவருக்குக் குறுக்காகவும் நிற்க வேண்டும், இல்லையென்றால் அடிப்பாகம் பாளமாக விழும். வளைவில் அழுத்தம் வரும் திசைக்குக் குறுக்காக அடுக்கு இருக்க வேண்டும்.

இப்போது வீட்டுக்காரர்கள் வெப்பம் காக்க உள்பக்கம் நுரைப்பலகை ஒட்டுகிறார்கள். நியாயமான தேவை, கணப்புச் செலவு அவர்களை வாட்டுகிறது. ஆனால் அறையின் சூடு சுவருக்குப் போவது நின்றால் கல் முன்பைவிடக் குளிர்ந்து, காய நேரமில்லாமல் ஈரமாகவே நிற்கும். ஆவி புகும் மரநார்ப் பலகை, சுண்ணாம்புப் பூச்சு போன்ற வழிகளை அவர்களுக்கு எடுத்துச் சொல். நீர் ஒட்டாமலிருக்க வெளியே தெளிக்கும் சிலிக்கோன் திரவத்தை வேண்டாம் என்று சொல். கூரையோ சந்தோ எங்காவது ஒரு கீறல் வழி நீர் உள்ளே புகத்தான் செய்யும். தெளித்த சுவரில் அது வெளியே வர முடியாது.

உன் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணற்கல்லில் பெரும்பகுதி சிலிக்கா. அந்தத் தூசி நுரையீரலில் ஏறினால் இறங்காது. குரோமார்ட்டியில் 1802இல் பிறந்த ஹியூ மில்லர், கல்வேலை செய்துகொண்டே கற்களுக்குள் தொல்லுயிர் மீன்களைக் கண்டு, உலகம் மதிக்கும் புவியியல் எழுத்தாளராக உயர்ந்தவர். அவருடைய நுரையீரலையும் கல்தூசிதான் கெடுத்தது. பிரிட்டனில் இன்று எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் அனுமதிக்கும் நுண் சிலிக்கா தூசியின் அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம். கண்ணுக்குத் தெரியும் தூசி பறந்தாலே நீ அதைத் தாண்டியிருக்கலாம். நீர் விட்டு அறு. தூசி உறிஞ்சி பூட்டிய கருவியை வாங்கித் தரச் சொல்லிக் கேள். முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்த முகக்கவசத்தைப் போடு. கூட வேலை செய்பவர்கள் போடவில்லை என்பதற்காக நீ கழற்றாதே.

கடைசியாக, மனிதர்கள். டெனமென்ட் சுவர் ஒரு வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை. ஸ்காட்லாந்தின் 2004ஆம் ஆண்டு டெனமென்ட் சட்டப்படி பொதுப் பழுதுவேலையைப் பெரும்பான்மை முடிவால் எடுத்துச் செய்யலாம். ஆனால் அந்தப் பெரும்பான்மையை உண்டாக்குவது நீ படிக்கட்டில் நின்று பொறுமையாகச் சொல்லும் விளக்கம்தான். சிமெண்ட் மலிவு என்பார்கள். அந்த முழங்கால் உயரத்துக் கல்லுக்கு அவர்களைக் கூட்டிப்போய், அவர்கள் விரலாலேயே தடவச் சொல்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு தாளில் எழுதிக் கொடு: எந்தச் சுண்ணாம்பு, எந்த ஊர் மணல், என்ன கலவை, எந்தச் சுரங்கத்துக் கல், எந்தத் தேதிகள், அன்றைய குளிர் எவ்வளவு. வீட்டுப் பத்திரங்களோடு வைக்கச் சொல். உன் சாந்து தேய்ந்து, அதை மாற்ற இன்னொருவர் சாரம் ஏறும் நாள் கட்டாயம் வரும். அவர் உன் கல்லை முழுதாகக் கண்டால் உன் வேலை நன்றாக நடந்திருக்கிறது.

இந்த ஏப்ரலில் முதல் சுவர் தொடங்கும்போது எனக்கு எழுது. மணலில் ஒரு பிடி அனுப்பினாலும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்