ஓடும் சொல்லைப் பிடிக்கப் போகிறவளுக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஆங்கிலம்–தமிழ் அகராதியில் ‘ரன்’ என்ற வினைச்சொல் உன் பங்குக்கு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். மூன்றெழுத்துச் சொல்தானே, இந்த வாரத்துக்குள் முடித்துவிடுவேன் என்றும் எழுதியிருந்தாய். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காக இதே சொல்லைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. வினையாக மட்டும் 645 பொருள் தேறின. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 430 பொருளோடு ‘செட்’ முன்னால் நின்றது. இப்போது அது பின்னால் போய்விட்டது. 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், இந்த மாதிரிச் சில்லறை வினைகள் படுத்தும் பாட்டை முன்னுரையிலேயே சொல்லி அலுத்துக்கொள்கிறார். அவர் பட்டியலில் ‘ரன்’னும் உண்டு. அவருக்குப் பிறகு வந்த ரயில், மோட்டார், கணினி நிரல் எல்லாம் இந்தச் சொல்லின் தலையில்தான் ஏறி உட்கார்ந்தன.

உனக்கு 645 வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளும் மொழிபெயர்ப்பாளர்களும் புரட்டப்போகிற புத்தகம் இது. முப்பது, நாற்பது போதும். ஆனால் அவற்றைப் பிரிக்கும்போது வினையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதே. யார் ஓடுகிறார்கள், எது ஓடுகிறது, எதை ஓட்டுகிறார்கள் என்று பார். மூக்கு ‘ரன்’ ஆனால் ஒழுகுகிறது. துணி ‘ரன்’ ஆனால் சாயம் போகிறது. காய்ச்சலோடு சேர்ந்தால் அடிக்கிறது. சாலையோடு சேர்ந்தால் ஆற்றையொட்டிப் போகிறது. குழாயில் தண்ணீர் வருகிறது. ஒரு குணம் குடும்பத்தில் வழிவழியாக வருகிறது. அமெரிக்கர்கள் தேர்தலில் ‘ஓடுகிறார்கள்’. இங்கிலாந்தில் நம்மைப் போலவே நிற்கிறார்கள். எழுவாயும் செயப்படுபொருளும் இல்லாமல் பொருளை மட்டும் வரிசையாக அடுக்கினால் படிக்கிற பிள்ளைக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

நம் ‘ஓடு’ம் லேசுப்பட்டதல்ல. படம் நூறு நாள் ஓடுகிறது, மின்விசிறி ஓடுகிறது, காலம் ஓடுகிறது. இங்கெல்லாம் இரண்டு சொல்லும் கைகோத்துப் போகும். அந்த வசதியில் மயங்கிவிடாதே. பரீட்சைக்கு முதல் நாள் ‘ஒண்ணும் ஓடலை’ என்கிறோமே, அதற்கு ஆங்கில ‘ரன்’ உதவிக்கு வராது. இன்னொன்று: குதிரை தானாக ஓடினாலும் ஒருவர் அதை ஓட்டினாலும் ஆங்கிலத்துக்கு அதே ‘ரன்’ போதும். தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. தன்வினை ஒரு பத்தி, பிறவினை ஒரு பத்தி என்று முதலிலேயே பிரித்து வைத்துக்கொள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

ஒருபொருட் சொற்களில்தான் நீ அதிகம் சறுக்குவாய் என்று நினைக்கிறேன். கடையை ‘ரன்’ பண்ணுகிறார் என்பதற்கு நடத்துகிறார், நிர்வகிக்கிறார், ஓட்டுகிறார் என்று மூன்றையும் காற்புள்ளி போட்டு வரிசையாக எழுதியிருக்கிறாய். மூன்றும் ஒன்றா? கடையை நடத்துகிறவர் முதலாளி. நிர்வகிக்கிறவர் சம்பளக்காரராகவும் இருக்கலாம். ‘ஏதோ கடையை ஓட்டுகிறேன்’ என்பவருடைய குரலில் வாடகைப் பாக்கியே கேட்கும். அந்தப் பெருமூச்சு ஆங்கிலச் சொல்லில் இல்லை. அந்தப் பக்கத்திலும் இதே கதைதான். ரயிலை ‘ஆப்பரேட்’ செய்யலாம், சோதனையை ‘கண்டக்ட்’ செய்யலாம், அறக்கட்டளையை ‘அட்மினிஸ்டர்’ செய்யலாம். இடம் மாறினால் இடறும். ‘மேனேஜ்’ பதவியைச் சொல்லும். ‘ரன்’ பிடியைச் சொல்லும். அலுவலகத்தை மேனேஜர் ‘மேனேஜ்’ செய்துகொண்டிருக்க, தலைமை எழுத்தர் அதை ‘ரன்’ செய்துகொண்டிருப்பார். நீ பார்க்காத அலுவலகமா!

ஓட்டத்தின் வகைகளுக்கு வேறு வழி. ‘போல்ட்’, ‘டேஷ்’, ‘ஸ்கேம்பர்’ என்று ஓடும் விதத்தையும் வினைக்குள்ளேயே திணித்து வைக்கிறது ஆங்கிலம். நாம் பெரும்பாலும் வினையை அப்படியே விட்டு முன்னால் அடை சேர்ப்போம். மிரண்டு ஓடு, விருட்டென்று ஓடு, குடுகுடுவென்று ஓடு. தலைதெறிக்க, விழுந்தடித்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக என்று நம்மிடம் சரக்கு நிறையவே இருக்கிறது. ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்து எல்லாவற்றுக்கும் ‘விரைந்து ஓடு’ என்று எழுதிவைக்கும் அகராதிகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

மேசையில் ரோஜே வைத்துக்கொள், தப்பில்லை. மருத்துவராக இருந்த பீட்டர் மார்க் ரோஜே 1852-இல் வெளியிட்ட அந்த ஒருபொருட் சொல் தொகுப்பு அகரவரிசையில் அல்ல, கருத்து வரிசையில் அமைந்தது. நம் நிகண்டுக்காரர்களும் தேவர், மக்கள், விலங்கு என்று வகை பிரித்துத்தான் பெயர்களை அடுக்கினார்கள். சூடாமணி நிகண்டு ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதைத் தனியே பதினோராம் தொகுதியில் வைத்தது. ஆனால் ரோஜேயோ நிகண்டோ, மறந்துபோன சொல்லைத்தான் நினைவூட்டும். தெரியாத சொல்லை அதிலிருந்து பிடுங்கி நட்டால் வேர் பிடிக்காது. எந்தச் சொல்லை எடுத்தாலும் அது வருகிற உண்மையான வாக்கியங்கள் நாலைந்தைச் செய்தித்தாளிலோ கதையிலோ தேடிப் படித்துவிட்டு எழுது.

முதல் பத்துப் பொருளை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு அனுப்பு. ‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’ சேர்ந்து வருபவை தனிப் பதிவுகள். சர்க்கரை தீர்ந்துபோவதையும் தெருவில் பழைய சிநேகிதி எதிர்ப்படுவதையும் இப்போதைக்குத் தொடாதே. கிரிக்கெட் ரன் பெயர்ச்சொல்லில் வரும். அங்கே ‘ஓட்டம்’ என்று போடுவதா, ‘ரன்’ என்றே விடுவதா என்று ஆசிரியர் குழுவில் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. நான் ரன் கட்சி. நீ எந்தப் பக்கம் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அக்கா