மாலைப் படிப்பும் ஊரார் கடமையும்

பகலில் பள்ளியில் கேட்ட பாடம், மாலையில் வீட்டில் ஐயமாக எழுகிறது. தந்தையார் வயலிலிருந்து களைத்து வருகிறார், தாயார் எழுத்தறியாதவர். கேட்க ஆளின்றி அடக்கிய ஐயங்கள் நாளடைவில் பெருகி, "எனக்குப் படிப்பு வராது" என்று பிள்ளை நம்பிவிடுகிறது; பின்னர் பள்ளியையே விட்டுவிடுகிறது. இவ்விழப்பு அவ்வீட்டிற்கு மட்டுமன்று, ஊருக்கே உரியதாகும்.

உதவி செய்யப் பெரும்படிப்பு வேண்டுமென்று நாம் தயங்க வேண்டியதில்லை. விடையைச் சொல்லிவிடுவது உதவியாகாது. விடை காணும் வழியைக் காட்டுவதே உதவி. அவ்வழி நம் ஊரிலேயே உள்ளது.

கணக்கு: பரப்பளவு விளங்காத மாணவனை வயலுக்கு அழைத்துச் சென்று அளக்கச் செய்வோம். நீளம் 132 அடி, அகலம் 66 அடி எனில், பரப்பு 8,712 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடியாதலின், வயல் 20 சென்ட்; அதாவது ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்கு. பெருக்கலும் வகுத்தலும் பின்னமும் ஒருங்கே விளங்கிவிடும்.

அறிவியல்: பயற்றஞ்செடி ஒன்றை வேர் அறாமல் பெயர்த்து, நீரில் அலசிக் காட்டுவோம். வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கேற்ற தழைச்சத்தாக மாற்றித் தருகிறது. நறுக்கிய முடிச்சின் உட்புறம் இளஞ்சிவப்பாக இருப்பின், அது நன்கு வேலை செய்கிறதென்று அறியலாம்.

புவியியல்: 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஓர் ஏக்கரில் ஏறத்தாழ ஓர் இலட்சம் லிட்டர் நீர் விழுகிறது. அந்நீர் ஏரிக்கு வரும் வாய்க்காலையும், வெளியேறும் மதகையும் பிள்ளைகளே படமாக வரையட்டும்.

தமிழ்: பாடத்தைப் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டி, பின்னர்ப் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் சொற்களில் கூறச் செய்வோம்.

எழுத்தறியாத பெற்றோரும் மூன்று கேள்விகள் கேட்கலாம்: "கேள்வி என்ன கேட்கிறது? எதுவரை உனக்குத் தெரிகிறது? எங்கே தடைப்பட்டாய்?" தடைப்பட்ட இடத்தைப் பிள்ளை குறித்துக்கொண்டு, மறுநாள் ஆசிரியரிடம் கேட்டுத் தெளியட்டும்.

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டமையால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டம் தொடங்கப்பெற்றது. தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் தத்தம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். ஊரிலேயே துணை உண்டென்பதற்கு அதுவே சான்று.

ஆதலின், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதனை ஊராட்சி உறுப்பினர்கள் எடுத்துரைப்பார்களாக. நல்ல வெளிச்சமுள்ள ஓர் அறை, குடிநீர், ஓர் அகராதி, ஒரு நிலப்படம், ஓர் அளவுநாடா ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். பெண் பிள்ளைகள் இருட்டுமுன் வீடு திரும்ப ஏற்பாடு வேண்டும். கல்லூரியில் பயிலும் ஊர் இளைஞர்கள் முறைவைத்து அமரலாம். வயலில் நீர் தேங்கினால் நாம் மறுநாள்வரை காத்திருப்பதில்லை. பிள்ளையின் ஐயத்தையும் அவ்வாறே அன்றே தீர்ப்போம்.