வளரும் மருத்துவமனைக்கு ஒரு வரைபடம்

சென்ற மழைக்காலத்தில் வெளியூர் மருத்துவமனை ஒன்றில் என் பாட்டியைச் சேர்த்திருந்தோம். படுக்கை ஒரு கட்டடத்தில். ஸ்கேன் அறை வேறொரு கட்டடத்தில். தள்ளுவண்டியில் கிடத்தி, குடை பிடித்தபடி சேற்றில் தள்ளிச் சென்றோம். மருத்துவர்கள் அன்பானவர்கள்; கருவிகளும் புதியவை. பின் குறை எங்கே? புவியியல் பயிலும் எனக்கு அன்று எழுந்த இக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

மருத்துவமனை என்றும் வளர்ந்துகொண்டே இருப்பது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே கட்டிலுடன் தொடங்கினார். 1902இலேயே 40 படுக்கைகள் தேவைப்பட்டன. நம் சின்னாளபட்டியில் 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையார் தொடங்கிய சிறு மருத்துவ நிலையமே காந்திகிராமம் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது.

திண்டுக்கல்லும் அவ்வாறே. 1985 செப்டம்பர் 15இல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானோம். 2022 ஜனவரி 12இல் தமிழகத்தில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள், நகரை அடுத்த அடியனூத்தில் அமைந்த நம் கல்லூரியும் ஒன்று. நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் எனப் பல திசைகளிலிருந்தும் நோயாளிகள் வரும் ஊர் இது. எனவே இன்றைய தேவைக்கு மட்டும் கட்டினால் போதாது.

தொலைநோக்குத் திட்டத்தில் மூன்று செய்திகளை முதன்மையாகக் கருதுகிறேன்.

முதலாவது, வழி. கட்டடங்களுக்கு முன்பே அவற்றை இணைக்கும் கூரையிட்ட நடைவழியை வரைபடத்தில் குறிக்க வேண்டும். இலண்டன் நகரின் நார்த்விக் பார்க் மருத்துவமனை 1970இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த ஜான் வீக்ஸ், நடுவே ஒரு தெருவைப்போல நடைவழியை அமைத்து, கட்டடங்களின் மறுமுனையைப் பின்னாளில் நீட்டுவதற்கு ஏற்பத் திறந்து விட்டார். அறுவை அரங்கை இடம் மாற்றுவது கடினம். எழுத்தர் அறையை மாற்றுவது எளிது. ஆகவே அரங்கிற்கு அருகில் அலுவலக அறைகளை வைத்தால், நாளை அரங்கு விரிய அவை இடம் விடும்.

இரண்டாவது, நீர். 100 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனையில் படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 450 லிட்டர் என்பது இந்தியத் தர அளவு. 500 படுக்கைக்கு 2,25,000 லிட்டர்! ஆத்தூர் காமராசர் அணையையும் காவிரிக் குடிநீரையும் எதிர்நோக்கி வாழும் நமக்கு இது சிறு கணக்கன்று. மழைநீர்த் தொட்டிக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் தொடக்கத்திலேயே நிலம் ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது, தீ. 2024 டிசம்பர் 12 இரவு நம் நகரின் தனியார் மருத்துவமனை ஒன்றில் நேர்ந்த தீவிபத்தில் ஒரு குழந்தை உட்பட ஆறு உயிர்களை இழந்தோம். தீயின்போது மின்தூக்கியை நம்பலாகாது. படுக்கையோடு நோயாளியை இறக்கச் சாய்தளமும், இரண்டாவது படிக்கட்டும், தீயணைப்பு வண்டி சுற்றிவர வழியும் இன்றியமையாதவை. மாடி மேல் மாடி எழுப்பிய பின் இவற்றுக்கு இடம் தேடுதல் இயலாது.

இவை மூன்றுக்கும் அடிப்படை, காலி நிலத்தைக் காலியாகவே காப்பது. வெற்றிடம் கண்டால் இங்கொரு வண்டிக் கொட்டகை, அங்கொரு சிற்றுண்டிச் சாலை என்று எழுப்பிவிடுவது நம் வழக்கம். அப்படி எழுந்த ஏதோ ஒரு கொட்டகைதான் என் பாட்டியின் வழியை மறித்தது. இடையில் முப்பதடிக் கூரை போட இடமில்லை.

மாணவ நண்பர்களே! நாளை பொறுப்புகளில் அமரப்போகிறவர்கள் நாம். வரைபடத்தில் வெறுமையாக விடப்பட்ட இடத்தைப் பார்த்து வீண் என்று எண்ணாதிருப்போம். அது இனி வரப்போகும் நோயாளியின் இடம்.