இரண்டு மலையிடுக்குகள்



மலைகளுக்கு நடுவே ஆறு அறுத்துச் செல்லும் ஆழமான, குறுகிய வழியே மலையிடுக்கு. கேரளத்தின் இடுக்கி மாவட்டம் பெயர் பெற்றதும் 'இடுக்கு' என்ற சொல்லால்தான். அங்கே குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே பெரியாற்றை மறித்து, சுமார் 169 மீட்டர் உயரமுள்ள வளைவு அணை கட்டினார்கள். 1976இல் அதைத் தொடங்கி வைத்தவர் பிரதமர் இந்திரா காந்தி.

நான் நடந்து பார்த்தது மற்றோர் இடுக்கு. பாலக்காடு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி, அகளி வழியாக முக்காலி சேர்ந்தேன். அங்கே வனத்துறையின் அனுமதி பெற்று, 23 கிலோமீட்டர் வண்டியில் சைரந்திரிக்குப் போனேன். விராட நாட்டில் மறைந்து வாழ்ந்த திரௌபதியின் பெயர் அது. அங்கிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் காட்டுப் பாதையில் இறங்கினால் குந்திப்புழை. பட்டப்பகலிலும் மரநிழல் அடர்ந்திருந்தது. மழைக்காலமானால் அட்டைகள் காலில் ஏறும், கவனம் வேண்டும்.

இந்த ஆற்றின் குறுக்கேயும் அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டார்கள். மலபாருக்கு மின்சாரம் தேவைப்பட்டது உண்மை. ஆறு குறுகும் இடத்தில் அணை கட்டுவது எளிது என்பதும் உண்மை. ஆனால் சுற்றிலும் செங்குத்தான மலைகள் அரணாக நின்றதால்தான் பள்ளத்தாக்கின் உள்ளே ஊர்கள் தோன்றாமல் பழங்காடு பிழைத்திருந்தது. அரிய சிங்கவால் குரங்குகளும் அங்கே வாழ்ந்தன. அணைக்கு ஏற்ற அதே நில அமைப்புதான் காட்டையும் காத்தது!

கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் ஊர் ஊராக எடுத்துரைத்தது. கவிஞர் சுகதகுமாரி குரல் கொடுத்தார். கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் 1979இல் ஆராய்ந்து, காட்டைக் காக்கும்படி பரிந்துரைத்தார். இறுதியில் இந்திரா காந்தியின் அரசே திட்டத்தைக் கைவிட்டது. 1984இல் சுமார் 89 சதுர கிலோமீட்டர் காடு தேசியப் பூங்காவானது.

இடுக்கி அணை வீடுகளுக்கு விளக்கேற்றுகிறது. அதைப் பழிக்க வேண்டாம். ஆனால் நிறுத்திய அணையை இன்னோரிடத்தில் கட்டலாம், வேறு வழியிலும் மின்சாரம் எடுக்கலாம். நீரில் மூழ்கிய பழங்காட்டை மீண்டும் நட்டு வளர்க்க முடியாது. முடிவெடுக்கும் முன் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதே நாம் கற்கும் பாடம்.

பயிற்சி

1. மலையிடுக்கு அணை கட்ட ஏற்றதாக இருப்பது ஏன்?
2. சைரந்திரி, குந்தி ஆகியோர் யார்? பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதுக.
3. நாம் வாழும் நாட்டில் அணை கட்டிய ஆறு ஒன்றைப் பற்றி ஐந்து வரி எழுதுக.