பிளத்தலும் பற்றுதலும்

ஆங்கில வினைகளுள் 'கிளீவ்' என்பது இன்று அருகியே வழங்குகின்றது. அகராதியைத் திறப்பின் 'பிளத்தல்' என ஒரு பொருளும், 'இறுகப் பற்றி நிற்றல்' என மற்றொரு பொருளும் காணப்படும். முரணிய இவ்விரண்டும் ஒரு சொல்லில் எவ்வாறு அமைந்தன என மாணவர் மயங்குவர். யாமும் மயங்கினோம். கீழ்வகுப்பில் ஒருநாள், கணவன் மனைவியைப் பற்றி வாழ்வான் என மொழிபெயர்க்க வேண்டிய இடத்தில், மனைவியைப் பிளப்பான் என்று எழுதினோர் எம் வகுப்பிற் பாதிப்பேர். ஆசிரியர் பிரம்பை எடுக்கவில்லை. "வினைக்குப் பின் நிற்கும் சிறுசொல்லைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் வினவினார்.

அச் சிறுசொல் 'டு' என்பது. பிளத்தற் பொருளில் இவ்வினை விறகு, பாறை முதலிய செயப்படுபொருளைப் பெரும்பாலும் நேரே கொள்ளும். பற்றுதற் பொருளில், பற்றப்படுவதன் முன் 'டு' வந்து நிற்கும். தமிழ் மாணவருக்கு இது புதுமையன்று. தாய் மகவை அணைத்தாள். பின்னர் விளக்கை அணைத்தாள். இங்கே நாம் தடுமாறுகின்றோமா? செயப்படுபொருளே பொருளைக் காட்டிவிடுகின்றது. (யாழ்ப்பாணத்து வீடுகளில் விளக்கை நூர்ப்பதே வழக்காதலின், அங்கு இவ்வையத்துக்கும் இடமில்லை.)

உண்மையில் 'கிளீவ்' ஒரு சொல் அன்று, இரண்டு. பழைய ஆங்கிலத்தில் 'கிளேயோவன்' என்பது பிளத்தலையும், 'கிளிவியன்' என்பது ஒட்டுதலையும் குறித்தன. காலப்போக்கில் ஒலி திரிந்து இரண்டும் ஓருருவாயின. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலே, ஆபிரகாம் விறகு பிளந்ததற்கும், ரூத் தன் மாமியைப் பிரியாது பற்றி நின்றதற்கும் 'கிளேவ்' என்னும் ஒரே இறந்தகால வடிவம் வருகின்றது. அவ்வடிவம் இன்று வழக்கொழிந்தது. இக்காலத்தில் 'கிளோவ்', 'கிளெவ்ற்', 'கிளோவன்' என்பன பிளத்தலுக்கே உரியன. பற்றுதலுக்குக் 'கிளீவ்ட்' என்பதே வரும்.

பிளத்தற் குடும்பம் பெரிது. மாட்டின் பிளவுபட்ட குளம்புக்குக் 'கிளோவன்' அடையாகும். இறைச்சி வெட்டும் அகன்ற கத்தி 'கிளீவர்'. உள்ளிப் பல்லைக் குறிக்கும் 'கிளோவ்' என்பதும் இக்குடும்பத்ததே; உள்ளி பல் பல்லாகப் பிரிவதன்றோ? ஆனால் அதே ஒலியும் எழுத்தும் உடைய கராம்பின் பெயர் இதனைச் சார்ந்ததன்று. அஃது ஆணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. ஒரு கராம்பை விரலிடை வைத்து நோக்குவார்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். அம்மியில் உள்ளியும் கராம்பும் அடுத்தடுத்துக் கிடப்பினும், அவற்றின் ஆங்கிலப் பெயர்களுக்குள் உறவு யாதுமில்லை.